முள்ளா, எண்ணா? உங்கள் கண்ணைச் சீக்கிரம் சாலைக்குத் திருப்பி அனுப்பும் ஸ்பீடோமீட்டர் எது?

புதுக் கார் பார்க்க அப்பாவும் மகனும் ஷோரூமுக்குப் போகிறார்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் 10 அங்குலத் திரை ஒன்று ஒளிர்கிறது. நடுவில் பெரிதாக ஒரு பூஜ்ஜியம். பக்கத்திலேயே மேப், பாட்டு, டயர் காற்றழுத்தம், இன்றைய தேதி. "சூப்பரா இருக்குல்லப்பா?" என்கிறான் மகன். அப்பா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு உற்றுப் பார்க்கிறார். "எல்லாம் இருக்குடா, முள்ளு எங்க?" விற்பனைப் பிரதிநிதி சிரிக்கிறார். "இது ஃபுல் டிஜிட்டல் சார். முள்ளெல்லாம் பழைய மாடல்."

இன்று எந்த ஊர் ஷோரூமிலும் நடக்கக்கூடிய காட்சிதான். அப்பாவின் கேள்வியைப் பழைய பழக்கம் என்று தள்ளிவிடுவதும் சுலபம். ஆனால் ஒரு கருவியில் முள் இருக்க வேண்டுமா, எண் இருக்க வேண்டுமா என்பது இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்து விமானப் பொறியாளர்களும் உளவியலாளர்களும் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். அவர்கள் கண்டுபிடித்த பதில், "டிஜிட்டல்தான் லேட்டஸ்ட்" என்பது போல அவ்வளவு எளிமையாக இல்லை.

இது அழகு பற்றிய பிரச்சினையும் இல்லை. 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடிவிடுகிறது. இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்தினாலும் மிச்சம் இருக்கும் தூரம் அது. ஸ்பீடோமீட்டரைப் படிக்க ஒரு விநாடி எடுத்தால், அந்தத் தூரத்தை ஓட்டுநர் சாலையைப் பார்க்காமலேயே கடக்கிறார். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71.2 சதவீத இறப்புகள் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. தெரிந்தே விரட்டுபவரை எந்த ஸ்பீடோமீட்டரும் நிறுத்தாது, அது உண்மை. ஆனால் தெரியாமல் 60-லிருந்து 85-க்கு ஏறிவிடுபவருக்கு அதைச் சொல்ல வண்டிக்குள் இருக்கும் முக்கியமான சாட்சி அதுதான்.

கேபிள், காந்தம், ஒரு சுருள்வில்

அனலாக் ஸ்பீடோமீட்டர் என்று நாம் சொல்வதன் மூலவர் ஓட்டோ ஷுல்ட்ஸே. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்காரர். அந்த ஊர் அப்போது ஜெர்மனியில் இருந்தது, இப்போது பிரான்ஸில் இருக்கிறது. 1902-ல் அவர் காப்புரிமை பெற்ற தத்துவம் அடுத்த 80 வருடங்களுக்கு மேல் உலகம் முழுக்க டேஷ்போர்டுகளை ஆண்டது.

வேலை செய்யும் விதம் ரொம்ப அழகானது. கியர்பாக்ஸிலிருந்து, பைக் என்றால் பெரும்பாலும் முன்சக்கரத்திலிருந்து, முறுக்கிய எஃகுக் கம்பி ஒன்று உறைக்குள் சுழன்றபடியே டேஷ்போர்டு வரை வரும். அதன் நுனியில் ஒரு காந்தம். காந்தத்தைத் தொடாமல், ஆனால் அதைச் சுற்றி மூடினாற்போல ஓர் அலுமினியக் கிண்ணம். முள் ஒட்டியிருப்பது இந்தக் கிண்ணத்தோடு. காந்தம் சுழலும்போது அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அது கிண்ணத்தையும் காந்தத்தோடு சேர்த்துச் சுற்ற இழுக்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று "போகாதே" என்று பிடித்து வைக்கிறது. இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பும் இரண்டு மடங்கு. அதனால்தான் 20, 40, 60 என்று கோடுகளைச் சம இடைவெளியில் போட முடிந்தது. பழைய வீட்டு ஈ.பி. மீட்டரில் கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு மெதுவாகச் சுற்றுமே, அது கண்டபடி சுழலாமல் பிரேக் போடுவதும் இதே சுழல் மின்னோட்டம்தான்.

இதில் மின்சாரம் வேண்டாம், சிப் வேண்டாம். குறைகள் உண்டு. உறைக்குள் கிரீஸ் காய்ந்துவிட்டால் முள் நடுங்கும். 40-ல் போகும்போது 30-க்கும் 50-க்கும் இடையே சாமியாடும். கேபிள் அறுந்தால் பூஜ்ஜியத்தில் படுத்துவிடும். ஆனால் "ஸ்பீடோ கேபிள் கட்டாயிடுச்சுண்ணே" என்று போய் நின்றால், தெருமுனை மெக்கானிக் "மாத்திரலாம் தம்பி, டீ குடிச்சிட்டு வா" என்று சொல்லிவிட முடிந்த ரிப்பேர் அது.

இப்போது இருக்கும் முள்ளும் டிஜிட்டல்தான்

இன்று விற்கும் கார்களில் முள் வைத்த மாடலை வாங்கினாலும் அதற்குள் ஷுல்ட்ஸேயின் காந்தமும் கிண்ணமும் இருக்காது. சக்கரத்தோடு சுற்றும் பல் வளையம் ஒன்றை ஏ.பி.எஸ். சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது. வருகிற துடிப்புகளைக் கம்ப்யூட்டர் வேகமாகக் கணக்கிட்டு, வண்டிக்குள் ஓடும் டேட்டா வயர் வழியாக டேஷ்போர்டுக்கு அனுப்புகிறது. அங்கே குட்டி ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று முள்ளை அந்த இடத்துக்குத் திருப்புகிறது. சில கார்களில் சாவியைத் திருப்பியதும் முள் ஒரு முறை கடைசி வரை ஓடிவிட்டுத் திரும்புமே, அந்த வித்தை மோட்டார் இருப்பதால்தான் முடிகிறது. வண்டி நிற்கும்போது கேபிள் முள் அப்படி ஓடாது.

ஆக, முள்ளுக்கும் எண்ணுக்கும் வருகிற தகவல் ஒன்றுதான். கடைசி ஓர் அங்குலத்தில், கண்ணுக்குக் காட்டும் விதத்தில் மட்டும்தான் வித்தியாசம். "டிஜிட்டல்னா கரெக்ட்டா காட்டும்" என்று ஷோரூமில் சொல்வது இதனால்தான் தவறு.

சொல்லப்போனால், இரண்டுமே கொஞ்சம் பொய் சொல்கின்றன. அதுவும் விதிப்படி. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் வாகன விதி 39, ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகம் உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறைவாக இருக்கக் கூடாது என்கிறது. அதிகமாகக் காட்டலாம். எவ்வளவு அதிகம்? உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு 4 கி.மீ. அதாவது 100-ல் போகும் வண்டி 114 என்று காட்டினாலும் விதிமீறல் இல்லை. நிறுவனங்கள் இந்த எல்லைக்குள் பாதுகாப்பாக இருக்கச் சற்றுக் கூட்டியே வைக்கின்றன. காரில் 100, செல்போன் ஜி.பி.எஸ்.ஸில் 95 என்று வருவதைப் பலர் கவனித்திருப்பார்கள். டயரும் இதில் விளையாடும். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு என்பதால் அதே தூரத்துக்கு அதிகமுறை சுற்றும், வேகம் கூடுதலாகத் தெரியும். ஸ்டைலுக்காகப் பெரிய டயர் மாட்டினால் தலைகீழ். காட்டுவதைவிட வேகமாக வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

முள் 80-க்கும் 85-க்கும் நடுவில் நின்றால், மனசு தானாகவே "சுமார் 82" என்று எடுத்துக்கொள்ளும். திரையில் 83 என்று பளிச்சென்று எழுதியிருந்தால் அந்தச் "சுமார்" காணாமல் போய்விடும். கருவிக்குள் இல்லாத துல்லியத்தை எண் நமக்கு நம்பவைக்கிறது.

கண் கேட்கும் இரண்டு கேள்விகள்

1947-ல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், விமானிகள் கருவிகளைத் தவறாகப் படித்த 270 சம்பவங்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். அதுவரை விமானியின் கவனக்குறைவு என்று ஃபைலை மூடிவிடுவது வழக்கம். இவர்கள் பார்த்தது வேறு. ஒரே மாதிரித் தவறுகள் ஒரே மாதிரிக் கருவிகளில் திரும்பத் திரும்ப நடந்திருந்தன. மூன்று முட்கள் கொண்ட உயரமானியில் ஒரு முள்ளை மாற்றிப் படித்து, பல ஆயிரம் அடி தவறாக நினைத்துக்கொள்வது அதில் பெரிய வில்லன். குற்றவாளிக் கூண்டில் ஆளோடு சேர்த்துக் கருவியும் ஏறியது அப்போதுதான்.

அடுத்த ஆண்டு ராபர்ட் ஸ்லைட் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். ஐந்து வடிவ அளவுகோல்களை 0.12 விநாடி மட்டும் காட்டி, என்ன எண் தெரிந்தது என்று கேட்டார். தெர்மாமீட்டர் போல நெட்டுக்குத்தாக இருந்த அளவுகோலில் 35.5 சதவீதம் தவறு. முழு வட்ட டயலில் 10.9 சதவீதம். சிறு ஜன்னல் வழியாகத் தேவையான எண் பகுதி மட்டும் தெரியும்படி வைத்ததில் வெறும் 0.5 சதவீதம். காரணம் எளிது. ஜன்னலில் கண் எங்கே போக வேண்டும் என்று முன்பே தெரியும், முள்ளைத் தேட வேண்டியதில்லை. இன்றைய டிஜிட்டல் எண்ணும் அதே ரகம்தான், எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும்.

அப்படியென்றால் டிஜிட்டல் ஜெயித்துவிட்டதா? இந்தச் சோதனை கேட்டது ஒரே ஒரு கேள்வியை: "சரியாக எவ்வளவு?" சாலையில் ஓட்டுநரின் கண் பெரும்பாலும் கேட்பது இன்னொரு கேள்வி: "எல்லாம் சரியா இருக்கா? ஏறுதா, இறங்குதா?"

மளிகைக் கடைத் தராசை நினைத்துப் பாருங்கள். எலெக்ட்ரானிக் தராசு 487 கிராம் என்று சொல்லும். பில் போட அது போதும். பழைய தட்டுத் தராசில் எண்ணே கிடையாது. ஆனால் நடுமுள் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே கடைக்காரர் கை நிறைய அள்ளுவதா, இரண்டு விரலால் கிள்ளிப் போடுவதா என்று முடிவு செய்துவிடுவார். அவர் எதையும் படிக்கவில்லை, பார்க்க மட்டும் செய்தார்.

காரிலும் இதுதான் நடக்கிறது. எண்ணைப் படிக்க வேண்டும்: 7, பிறகு 8, எழுபத்தெட்டு, வரம்பு 80, அப்போ பரவாயில்லை. முள்ளைப் பார்த்தால் போதும். தினமும் அதே வண்டியை ஓட்டுபவருக்கு முள் எந்தக் கோணத்தில் இருந்தால் சரி என்பது கைரேகை போலப் பழகியிருக்கும். ஓரக்கண்ணில் மங்கலாகத் தெரிந்தாலே போதும். முள் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதே ஒரு தகவல். எண்ணில் அதற்கு இடமில்லை. 62, 67, 73 என்று மாறும் எண்களை மனசு கழித்துப் பார்த்துத்தான் "ஏறுது" என்று புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் எண் துள்ளினால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால், மென்பொருள் அந்தத் துள்ளலை வடிகட்டி, சற்று நிதானமாகவே எண்ணை மாற்றுகிறது.

ரேஸ் ஓட்டுநர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. எஞ்சின் சுற்று காட்டும் டயலையே திருகி மாட்டிவிடுவார்கள், கியர் மாற்ற வேண்டிய அளவு வரும்போது முள் நேராக உச்சியை நோக்கி நிற்கும்படி. டயலில் எழுதியிருப்பது சாய்ந்து கிடக்கும். அதனால் என்ன, அதை யாரும் படிக்கப் போவதில்லையே.

முள்ளே தோற்றுப்போன இடமும் உண்டு. லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் 0.6 விநாடியில் 9,000 சுற்றைத் தொட்டுவிடும். நிஜ முள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்று திரையைப் பொருத்தினார்கள். ஆனால் அந்தத் திரையில் அவர்கள் வரைந்தது என்ன தெரியுமா? ஒரு முள்.

சரி, எண் எங்கே உதவுகிறது? வரம்பு குறிப்பாகச் சொல்லப்பட்ட இடங்களில். 2023 நவம்பரில் சென்னையில் அறிவிக்கப்பட்ட வரம்புகளைப் பாருங்கள்: கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் 30. ரேடார் கேமரா முன்னால் 58-ஆ 64-ஆ என்பதற்கு விலை உண்டு. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு காருக்கு அந்த விலை 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை. அங்கே "சுமார்" போதாது.

220 வரை எழுதிய வட்டம்

முள் வைத்த டயல்களில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு குறை இருக்கிறது. நம் ஊர் கார் டயலில் 180, 200, 220 வரைகூட எழுதியிருக்கிறார்கள். அந்த வேகத்தை அந்த வண்டியும் பார்க்காது, நாமும் பார்க்கப் போவதில்லை. முள் மொத்தம் 240 டிகிரி சுற்றும் டயலில் 220 வரை எழுதினால், ஒவ்வொரு 10 கி.மீ.க்கும் கிடைப்பது சுமார் 11 டிகிரி. கடிகாரத்தில் இரண்டு நிமிடத்துக்கு உள்ள இடைவெளிகூட இல்லை. 30-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம், பள்ளிக்கூட வாசலில் உயிர் போகும் வித்தியாசம், அந்தக் குட்டி இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. நகரத்துக்குள் நாம் பயன்படுத்தும் 0 முதல் 60 வரை டயலின் ஒரு மூலை. மீதி முக்கால் பங்கு காலி மனை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வைத்தியம் பார்த்தார்கள். 1979-ல் புதுக் கார்களின் டயலில் மணிக்கு 85 மைலுக்கு மேல் எழுதக் கூடாது, அன்றைய வரம்பான 55-ஐத் தனியாக எடுப்பாகக் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். பெரிய எண்ணைப் பார்த்தால் விரட்டத் தோன்றும் என்பது வாதம். வண்டியின் வேகத்தைக் குறைக்காமல் டயலை மட்டும் குறைத்தால் என்ன பயன் என்ற கேலிக்கு இடையே 1982-ல் அந்த விதி போய்ச் சேர்ந்தது. டிஜிட்டல் எண்ணுக்கு இந்தத் தலைவலியே இல்லை. 30 என்றால் 30, 40 என்றால் 40, இரண்டும் ஒரே அளவு பெரிய எழுத்தில்.

லட்சங்களின் காரில் வந்தது, 2.57 லட்சத்துக்கும் வந்தது

டிஜிட்டல் ஸ்பீடோமீட்டர் புதுசு என்பதே தவறான எண்ணம். ஆஸ்டன் மார்ட்டின் லகோண்டா 1976-ல் சிவப்பு எல்.இ.டி. எண்களோடு மேடை ஏறியது. பணக்காரர்களுக்கான அந்தக் கார் வாடிக்கையாளர் கைக்கு வரவே 1979 ஆகிவிட்டது. 1984-ல் வந்த செவர்லே கார்வெட் முழு எல்.சி.டி. டேஷ்போர்டோடு வந்தது, பார்க்க வீடியோ கேம் மாதிரி. 1990-ல் அதே காரில் வேகத்துக்கு மட்டும் எண்ணை வைத்துக்கொண்டு, மற்ற பலவற்றுக்கு முள்ளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டு கேள்விக்கு இரண்டு விதமான பதில் என்பதை யாரோ புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இந்தியாவில் 2006-ல் வந்த ஹோண்டா சிவிக் இதே பங்கீட்டை வேறு விதமாகச் செய்தது. மேல் தட்டில், சாலையை ஒட்டி, வேகம் எண்ணாக. கீழ்த் தட்டில் எஞ்சின் சுற்று முள்ளாக. அப்போது அது ஆடம்பரம். 2015-ல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாரான ரெனோ க்விட் 2.57 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் டிஜிட்டல் ஸ்பீடோமீட்டரோடு வந்தபோது கதை மாறியது. நகரும் பாகம் இல்லாத எளிய எல்.சி.டி., மோட்டாரும் முள்ளும் வைத்த டயலைவிடச் செலவு பிடிப்பதாக இருக்க வேண்டியதில்லை என்று ஊருக்கே தெரிந்தது. இன்று விலை ஏற்றுவது வண்ணப் பெருந்திரைகள்தான். அவை வாரண்டி முடிந்த பிறகு செத்துப்போனால் பெரும்பாலும் முழு யூனிட்டையே மாற்ற வேண்டும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடியும் வேலை அல்ல அது.

காலம் திரும்பிய வேடிக்கையும் நடந்தது. 2021-ல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது, பிரான்ஸின் பெஜோ நிறுவனம் தன் 308 மாடலில் டிஜிட்டல் திரையை எடுத்துவிட்டு மறுபடி முள் டயலைப் பொருத்தியது. 2024-ல் புகாட்டி டூர்பியான் என்ற கோடிகளின் கார், ஸ்விஸ் கடிகாரக் கலைஞர்கள் 600-க்கும் மேற்பட்ட பாகங்களால் செய்த, பற்சக்கரங்கள் வெளியே தெரியும் முள் டயலோடு அறிமுகமானது. ஷோரூம் அப்பா கேட்டால் சந்தோஷப்படுவார்.

இருட்டில் நடக்கும் ஏமாற்று

திரை டேஷ்போர்டு கொண்டுவந்த ஆபத்துகளில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. பழைய கார்களில் மாலை மங்கினால் டயல் தெரியாது. உடனே கை விளக்கு சுவிட்சுக்குப் போகும். முன் விளக்கும் பின் விளக்கும் எரிந்தால்தான் டயலும் ஒளிரும். திரை அப்படியில்லை, பகலிலும் இரவிலும் எப்போதும் பளிச்சென்று இருக்கும். முன்னால் டி.ஆர்.எல். எனப்படும் பகல் விளக்கு வேறு எரிகிறது, தெருவிளக்கும் இருக்கிறது. விளக்குப் போட்டாகிவிட்டது என்று ஓட்டுநர் நினைத்துக்கொள்கிறார். ஆனால் பல கார்களில் டி.ஆர்.எல். முன்னால் மட்டும்தான். பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் கறுப்புக் கார் ஒன்று நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்.

கனடா இதற்குச் சட்டமே போட்டது. 2021 செப்டம்பர் முதல் அங்கு விற்கும் புது வண்டிகளில் ஒன்று பகல் விளக்கோடு பின் விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டினால் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஓட்டுநருக்கு உறைக்கும்படி டேஷ்போர்டே இருண்டு கிடக்க வேண்டும். பழைய முள் டயல் ஒரு செலவும் இல்லாமல் செய்துகொண்டிருந்த வேலையைச் சட்டம் எழுதித் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

நடுத்திரைக்கு ஓடிய எண்

டெஸ்லாவின் மாடல் 3, 2017-ல் வந்தபோது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எதுவுமே இல்லை. வேகம் நடுத்திரையின் ஒரு மூலையில் எண்ணாக உட்கார்ந்திருந்தது. 2025-ல் இந்தியாவுக்கு வந்த மாடல் ஒய்-யிலும் அப்படித்தான். நடுவில் ஸ்பீடோமீட்டர் வைப்பது புதிதல்ல. 1959 மினி காரில் இருந்தது, நம் டாடா நானோவில் இருந்தது. ஆனால் அவற்றில் அது தட்டு அளவு டயலாக, வேறு வேலை இல்லாமல் தனியாக இருந்தது. இப்போது மேப், கேமரா, ஏ.சி., பாட்டு எல்லாவற்றோடும் ஒரே திரையில் இடத்துக்குப் போட்டி போடுகிறது.

திரையில் எல்லாம் மென்பொருள் என்பதால் எழுத்தின் அளவும் யாரோ ஒருவர் எடுக்கும் முடிவுதான். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் சுமார் 22 லட்சம் டெஸ்லா கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. காரணம், பிரேக், பார்க்கிங், ஏ.பி.எஸ். எச்சரிக்கைகளின் எழுத்து விதி சொல்லும் அளவைவிடச் சிறியதாக இருந்தது. இணையம் வழியாக எழுத்தைப் பெரிதாக்கிச் சரிசெய்தார்கள். அதே நாட்டின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வண்டித் திரையில் செய்யும் வேலைக்காகக் கண் ஒரு தடவை சாலையை விட்டு விலகுவது 2 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 100 கி.மீ. வேகத்தில் அந்த 2 விநாடி என்பது 55 மீட்டர்.

எழுத்தின் அளவு 25 வயதுக் கண்ணுக்குப் பெரிய விஷயமில்லை. 45 தாண்டி வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அது பெரிய விஷயம். டேஷ்போர்டு இருப்பது கிட்டத்தட்டக் கை நீளத் தூரத்தில். தூரப் பார்வைக் கண்ணாடி போட்டால் சாலை தெரியும், திரையின் பொடி எழுத்து தெரியாது. முள்ளுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. மங்கலாகத் தெரிந்தாலும் அது சாய்ந்திருக்கும் திசை புரியும். எண் மங்கினால் 68-ஆ 88-ஆ என்று தெரியாது. ஷோரூமில் அப்பா கேட்டது பழைய பழக்கத்தால் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது.

எண்ணை மிக நன்றாகப் பயன்படுத்தும் ஏற்பாடு ஹெட்-அப் டிஸ்பிளே. முன் கண்ணாடிப் பக்கம் சாலையோடு சேர்ந்தாற்போல வேகம் மிதக்கும். தலை குனிய வேண்டாம். எண்ணின் பிம்பம் கண்ணுக்கு டேஷ்போர்டைவிடத் தள்ளித் தெரிவதால் வெள்ளெழுத்துக்காரர்களுக்கும் நிம்மதி. 1988-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் இதைக் காரில் கொண்டுவந்தது. 2022-ல் மாருதி பலேனோவின் உயர் ரக மாடலில் வந்த பிறகு நம் ஊரிலும் சாதாரணமாகக் கேட்கப்படும் வசதியாகிவிட்டது.

கண்ணையே தொந்தரவு செய்யாத இன்னொன்றை இந்தியா 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் கட்டாயமாக்கியது. 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ஒரு பீப், 120-ஐத் தாண்டினால் நிற்காத பீப். எரிச்சலாக இருக்கிறது என்று பலர் திட்டுகிறார்கள். எரிச்சலாக இருப்பதுதான் அதன் வேலை.

டெஸ்ட் டிரைவில் என்ன பார்ப்பது?

ஷோரூம் வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். மதியம் ஒரு மணி வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்போது திரை தெரிகிறதா என்று பாருங்கள். போலராய்ஸ்டு கூலிங் கிளாஸ் போடுபவர் என்றால் அதைப் போட்டுக்கொண்டே பாருங்கள். சில எல்.சி.டி. திரைகள் அந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் கறுத்துப்போகும், தலையைச் சாய்த்தால் திரும்பத் தெரியும். முடிந்தால் இரவில் ஒரு முறை ஓட்டி, வெளிச்சத்தைக் கீழ்மட்டம் வரை குறைக்க முடிகிறதா என்று பார்த்துவிடலாம். ஸ்டீயரிங்கை உங்கள் உயரத்துக்கு வைத்த பிறகு அதன் வளையம் எண்ணை மறைக்கிறதா என்பதையும் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

வீட்டில் வண்டி ஓட்டும் மூத்தவர் இருந்தால் அவரையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து "இப்போ எவ்வளவு ஸ்பீடுப்பா?" என்று சாதாரணமாகக் கேட்கலாம். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது, அதற்குள் அவர் கண் எங்கெங்கே போய் வருகிறது என்பது விலைப்பட்டியலில் இல்லாத தகவல்.

பெரிய திரை வைத்த பல கார்களில் எண் மட்டும், டயல் மட்டும், வட்ட டயலும் நடுவில் பெரிய எண்ணும் சேர்ந்தது என்று தோற்றத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. "முள்ளெல்லாம் பழைய மாடல்" என்று சொன்ன அதே பிரதிநிதியிடம் கேட்டால், ஸ்டீயரிங் பட்டனை நாலு தடவை தட்டி அந்த மூன்றாவது தோற்றத்தைக் கொண்டுவந்து காட்டுவார். டெலிவரி எடுக்கும் நாளிலேயே, வண்டி நிற்கும்போதே அதைச் செட் பண்ணி வாங்கிக்கொள்வது நல்லது. ஓடும் வண்டியில் அந்த மெனுவைத் தேடினால் 2 விநாடி போதாது.